மேகம் கூடினால் பூமி தானாகக் குளிர்ந்துவிடுமா?

கேள்வி, 2025 மார்ச் 3

பூமி சூடானால் கடல் அதிகமாக ஆவியாகும். ஆவி கூடினால் மேகம் கூடும். மேகம் கூடினால் வெயில் குறையும். வெயில் குறைந்தால் சூடு தணியும். ஆக, இயற்கை தன் கணக்கைத் தானே நேர்செய்துகொள்ளும். இதில் எந்தப் படி தப்பு என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

மார்ச் 3, இரவு

இரண்டாவது படி.

முதல் படியில் குறையில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஆனால் காற்றில் ஆவி நிறைய இருந்தால் மட்டும் மேகம் பிறந்துவிடாது. தாங்கும் அளவின் விளிம்பை அந்த ஆவி தொட வேண்டும், அதாவது ஒப்பு ஈரப்பதம் நூறை எட்ட வேண்டும். சூடு ஏறும்போது ஆவியும் ஏறுகிறது, விளிம்பும் கூடவே மேலே போகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறுவதில்லை. கடலுக்கு மேலே ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நிலத்துக்கு மேலே பல இடங்களில் குறையவே செய்கிறது. ஆகவே 'ஆவி கூடியது, மேகமும் கூடும்' என்று ஒரே தாவலில் போக முடியாது.

மூன்றாவது படியிலும் வில்லங்கம் இருக்கிறது. அதை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 4

மூன்றாவது படி: மேகம் வெயிலை மறைக்கும். மறைக்கும்தான். அதோடு இன்னொரு வேலையும் செய்யும். தரையிலிருந்து விண்வெளிக்குக் கிளம்பும் வெப்பக் கதிரைப் பிடித்து வைக்கும். பகலில் முதல் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது வேலை பகலும் இரவும் சத்தமில்லாமல் நடக்கிறது, அதனால் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

எண்களைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவாகும். பூமி முழுவதுக்கும், பகல் இரவு சேர்த்து, சராசரி எடுத்தால் சூரியனிலிருந்து ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 340 வாட் வருகிறது. அதில் ஏறத்தாழ 100 திரும்பிப் போய்விடுகிறது. மேகமே இல்லாத பூமியோடு ஒப்பிட்டால், மேகங்களால் மட்டும் கூடுதலாகத் திரும்பிப் போவது சுமார் 47 வாட். அதே மேகங்கள் வெளியேறவிடாமல் பிடித்து வைக்கும் வெப்பம் சுமார் 28 வாட். கழித்துப் பார்த்தால் 19 வாட் அளவுக்குக் குளிர்ச்சி. எந்த நேரத்தில் பார்த்தாலும் பூமியில் மூன்றில் இரண்டு பங்கை மேகம் மூடியிருக்கிறது, அதனால் இது சின்ன விஷயமில்லை.

இதை முதன்முதலில் செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து ஒழுங்காகக் கணக்கிட்டவர்களில் முக்கியமானவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்ரன் ராமநாதன். 1984இல் ஏவப்பட்ட செயற்கைக்கோளின் பதிவுகளைக் கொண்டு, அவரும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட கணக்கில் 1985 ஏப்ரல் மாதத்துக்கு 13 வாட் குளிர்ச்சி என்று வந்தது. அதற்கு முன்னால் மேகம் மொத்தத்தில் சூடாக்குகிறதா, குளிர்விக்கிறதா என்பதே விவாதத்தில் இருந்தது.

மார்ச் 4, சற்று நேரம் கழித்து

'அப்போது நான் சொன்னதுதானே சரி, மேகம் குளிர்விக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்' என்று பதில் வந்திருக்கிறது. இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள்.

குடை நிழல் தருகிறது. அதற்காக வெயில் ஏற ஏறக் குடை தானாக விரியும் என்று ஆகிவிடாது. இன்றைக்கு இருக்கிற மேகங்கள் பூமியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன என்பது ஒரு செய்தி. பூமி சூடாகும்போது அந்த மேகங்கள் கூடுமா, குறையுமா, இடம் மாறுமா, உயரம் மாறுமா என்பது வேறு கேள்வி. 19 வாட் குளிர்ச்சி 18 ஆகிவிட்டால் மேகம் இன்னமும் குளிர்விக்கத்தான் செய்கிறது, ஆனால் பூமி ஒரு வாட் கூடுதலாகச் சூடாகிறது. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் வரும் கூடுதல் மொத்தமே சுமார் 3.9 வாட்தான். மேகத்தின் கணக்கில் சின்ன அசைவு கூட அதற்குப் பக்கத்தில் பெரிதாகத் தெரியும்.

இந்த இழையில் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

மார்ச் 6

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று தனிமடலில் கேட்டிருக்கிறார் ஒருவர். பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்றபடி கதிர் வீசும். 15 டிகிரி செல்சியஸில் இருக்கும் தரை சதுர மீட்டருக்குச் சுமார் 390 வாட் மேலே அனுப்புகிறது. கடலுக்குச் சற்று மேலே மிதக்கும் தாழ்மேகத்தின் உச்சி 10 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது சுமார் 364 வாட் அனுப்பும். தரை அனுப்புவதிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது தாழ்மேகம் வெப்பத்தைப் பெரிதாகப் பிடித்து வைப்பதில்லை. ஆனால் வெள்ளை வெளேரென்று இருப்பதால் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும். கடல் தன்மேல் விழும் ஒளியில் ஒரு 6 சதவீதத்தைத் திருப்பினாலே அதிகம். தடிமனான தாழ்மேகம் பாதிக்கு மேல் திருப்பிவிடும். கணக்கு முடிந்தது: குளிர்ச்சி.

இப்போது 10 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே, மைனஸ் 50 டிகிரியில் இருக்கும் மேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தியாக இருந்தால் அதன் உச்சியிலிருந்து விண்வெளிக்குப் போவது 140 வாட் மட்டுமே. கீழிருந்து வந்த மீதி மாட்டிக்கொள்கிறது. இடிமழை மேகம் போலத் தடிமனாக இருந்தால் வெயிலையும் அதே அளவுக்குத் தடுத்துவிடும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மெல்லிய கீற்று மேகம் 140 வரைக்கும் இறக்காது, ஓரளவு வெப்பத்தை விட்டுவிடும். ஆனால் வெயிலை அது கிட்டத்தட்ட முழுதாக உள்ளே விடுகிறது. ஆகவே கீற்று மேகத்தின் கணக்கு சூடாக்கும் பக்கம் சாய்கிறது.

சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இலேயே, காற்றை ஒரே ஒரு செங்குத்துத் தூணாக எடுத்துக்கொண்டு இதைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். மனாபேக்கு 2021இல் நோபல் கிடைத்தது. இவ்வளவு பழைய விஷயம்.

மார்ச் 7

எண்களைப் படித்து நம்பாதவர்களுக்கு ஒரு வழி. இயந்திரங்களின் சூட்டைத் தொடாமலேயே பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரி ஓர் அகச்சிவப்பு வெப்பமானி இருக்கிறதல்லவா, அதை வானத்தை நோக்கிப் பிடியுங்கள். நெற்றியில் காட்டும் ரகம் வேண்டாம். வானத்துக்குக் காய்ச்சல் பார்க்கப் போனால் அது 'லோ' என்று கைவிரித்துவிடும்.

நான் இதை அடிக்கடி செய்கிறேன். பக்கத்து மாடியில் இருப்பவர்கள் பார்க்கும் பார்வையைப் பற்றி எழுத வேண்டாம். தெளிந்த, ஈரம் குறைந்த இரவில் நேர் மேலே பிடித்தால் எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே வேகமாக இறங்கும். விசையை விடாமல் அழுத்திக்கொண்டு, அப்போது மிதந்து வரும் ஒரு தாழ்மேகத்தின் பக்கம் மெதுவாகத் திருப்பினால் அதே எண் விறுவிறுவென்று ஏறிப் பூஜ்ஜியத்துக்கு மேலே போய் நிற்கும். மேகத்தின் விளிம்பில் கிழிசல் கிழிசலாக இருக்கும் இடத்தில் எண் ஏறி இறங்கித் தடுமாறும். கீற்று மேகத்தில் பிடித்தால் தெளிந்த வானத்துக்கும் அதற்கும் அவ்வளவாக வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் அது ரொம்பக் குளிர், ரொம்ப மெல்லிசு.

அந்த ஏற்றம்தான் மேகம் உங்கள் மேல் வீசும் வெப்பம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கையில் எண்ணாக வந்து நிற்பது எனக்கு இன்னும் சலிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாகச் செய்யாதீர்கள், கருவி கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். பகலில் செய்தால் சூரியன் பக்கமே போகாதீர்கள்.

மார்ச் 8

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, 'தாழ்மேகம் இவ்வளவு வெப்பம் வீசுகிறது, முந்தின நாள் அது குளிர்விக்கிறது என்றீர்கள், எது உண்மை?' என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. இதை அன்றைக்கே பிரித்து எழுதியிருந்தால் குழப்பம் வந்திருக்காது.

மேகத்துக்கு அடி உண்டு, உச்சி உண்டு. வெப்பமானி பார்ப்பது அடியை. அது தரையின் இரவு வெப்பநிலையைத் தீர்மானிக்கிறது. மூடாக்கு போட்ட இரவில் சூடு அவ்வளவாக இறங்காததற்கு இதுதான் காரணம். ஆனால் பூமி என்ற முழு உருண்டையின் வரவு செலவு, உச்சியிலிருந்து விண்வெளிக்கு எவ்வளவு போகிறது என்பதில் இருக்கிறது. தாழ்மேகம் இரவில் தரையை நன்றாகச் சூடாக வைத்திருக்கும், ஆனால் உருண்டையின் கணக்கில் கொஞ்சம்தான் சேமிக்கும். தன் அனுபவத்தை வைத்துக் காலநிலையைப் பேசும்போது நாம் எப்போதும் அடியிலிருந்து பேசுகிறோம். செயற்கைக்கோள் உச்சியிலிருந்து பேசுகிறது.

மார்ச் 9

கொஞ்சம் விலகிப் போகிறேன். மாடியில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் செல்பேசியில் உற்பத்திக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். மேகமே இல்லாத நாளில் அழகான ஒரு குன்று. திரள் மேகங்கள் அங்கங்கே மிதக்கும் நாளில் ரம்பப் பல். ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்தப் பற்களில் சில, தெளிந்த நாளின் உச்சத்தையும் தாண்டி நிற்கும். முதலில் பார்த்தபோது கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து நிறுவியவருக்கு போன் போட்டேன். அவர் 'அப்படித்தான் சார் வரும்' என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோளாறு ஒன்றுமில்லை. சூரியன் மேகத்தின் விளிம்புக்கு அருகில் இருக்கும்போது நேர் வெயிலும் முழுதாக விழும், பக்கத்து மேகங்கள் சிதறடிக்கும் ஒளியும் சேர்ந்து விழும். சில நிமிடங்களுக்கு மேகமே வெயிலைக் கூட்டுகிறது. நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மேகம் குறைத்திருக்கத்தான் செய்யும். ஆனாலும் 'மேகம் என்றால் வெயில் குறைவு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களுக்கு இந்தக் கோட்டைக் காட்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

மார்ச் 10

மார்ச் 4இல் போட்ட 47, 28, 19 ஆகிய எண்களைப் பற்றி ஒரு மறுயோசனை. சராசரி எண்கள், அதனால் கொஞ்சம் ஏமாற்றுக்காரர்கள். அவற்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் எங்கும் எப்போதும் மேகம் 19 வாட் குளிர்விப்பது போலத் தோன்றும்.

துருவத்தின் குளிர்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் சூரியனே வராது. திருப்பி அனுப்ப ஒளி இல்லாத இடத்தில் எந்த மேகமும் சூடாக்க மட்டும்தான் செய்யும். கோடையிலும் கீழே பனி இருந்தால், வெள்ளைக்கு மேல் வெள்ளையாக நிற்கும் மேகத்தால் புதிதாக எதையும் பெரிதாகத் திருப்பிவிட முடியாது. 2012 ஜூலையில் கிரீன்லாந்துப் பனித்தகட்டின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் உருகியது. வெப்பக் காற்று வந்தது முக்கியக் காரணம். அதோடு நடுப்பகுதியின் உச்சி வரை உருக்கம் போனதற்கு, நீர்த்துளிகளாலான மெல்லிய தாழ்மேகங்களும் கைகொடுத்தன என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வு காட்டியது. வெயிலை உள்ளே விடும் அளவுக்கு மெல்லிசு, வெப்பத்தைக் கீழே வீசும் அளவுக்குத் தடிமன். இன்னும் கொஞ்சம் தடித்திருந்தாலோ மெலிந்திருந்தாலோ விளைவு குறைந்திருக்கும்.

அதே தாழ்மேகம், கீழே கறுத்த கடற்பரப்பும் மேலே உச்சி வெயிலும் இருந்தால் வேறு கதை.

மார்ச் 12

'மேகம் கூடினால் குளிரும்' கட்சிக்கு ஒரு சிறு பரிசு: வெள்ளிக் கிரகம். முழுக்க மேகம், ஒரு துளி இடைவெளி கிடையாது. வரும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பிவிடுகிறது. சூரியனுக்கு நம்மைவிட அருகில் இருந்தும் அது உள்வாங்கும் ஒளி பூமி உள்வாங்குவதைவிடக் குறைவு. தரையில் வெப்பநிலை 460 டிகிரிக்கும் மேல்.

(அங்கே கார்பன் டை ஆக்சைடு நம் வளிமண்டலத்தைப் போல் பல மடங்கு கனத்தில் இருக்கிறது, மேகம் கந்தக அமிலத்தாலானது, ஒப்பிடக்கூடாது, தெரியும். யாரும் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டாம்.)

மார்ச் 13

விமானத்தில் ஜன்னல் இருக்கை கிடைத்தால் நான் விடுவதில்லை. கடலுக்கு மேலே ஒருமுறை, கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான வெள்ளைத் தரை போல மேகம். உற்றுப் பார்த்தால் தட்டை இல்லை, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய குமிழ்கள். குமிழ்களுக்கு நடுவே மெல்லிய சாம்பல் கோடுகள். எங்கோ ஓர் இடத்தில் அந்தத் தரை திடீரென்று முடிந்தது, கீழே கடல் கறுப்பாகத் தெரிந்தது. அந்த விளிம்பின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்களுக்கு, ஒரு பக்கம் வெயில் திரும்பிப் போகிறது, மறுபக்கம் கடல் விழுங்குகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இவை படைத்திரள் மேகங்கள். கலிஃபோர்னியாவுக்கு மேற்கே, பெரு, சிலி நாடுகளின் கரைக்கு அப்பால், நமீபியா, அங்கோலா பக்கம் என்று கண்டங்களின் மேற்குக் கரையை ஒட்டிய குளிர்ந்த கடல்களில் பரந்து கிடக்கும். சில நூறு மீட்டர் தடிமன்தான். பூமியின் வெப்பக் கணக்கில் இவற்றைவிட முக்கியமான மேகம் கிடையாது என்பேன். இடி கிடையாது, மின்னல் கிடையாது, மழை என்று சொல்லும்படியும் ஒன்றும் கிடையாது. அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவை எப்படி உயிர் வாழ்கின்றன என்பது சுவாரசியமானது. மேகத்தின் உச்சி விண்வெளியை நோக்கி வெப்பத்தை வீசிக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்குகிறது. அதற்கு ஈடாகக் கடல்மட்டத்திலிருந்து ஈரக் காற்று மேலே ஏறி மேகத்துக்குத் தண்ணீர் ஊட்டுகிறது. அந்தக் குமிழ்கள் இந்தச் சுழற்சியின் முகம்தான். மேகத்துக்கு மேலே ஒரு சூடான, வறண்ட காற்றடுக்கு மூடி போல உட்கார்ந்திருக்கிறது. சுழற்சி அந்த வறண்ட காற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். கீழிருந்து வரும் ஈரமும் மேலிருந்து வரும் வறட்சியும் இழுபறி நடத்தும் இடத்தில் மேகம் நிற்கிறது.

இப்போது கடலைச் சூடாக்குங்கள். கீழே ஈரம் கூடும், உண்மைதான். ஆனால் கீழ்க்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் இடையிலான ஈர வித்தியாசமும் கூடும். அதனால் உள்ளே இழுக்கப்படும் ஒவ்வொரு மடக்கு வறண்ட காற்றும் முன்பைவிட அதிகமாக மேகத்தை உலர்த்தும். மேலே பசுங்குடில் வாயுக்கள் கூடினால் உச்சி வீசும் வெப்பத்தில் ஒரு பகுதி திரும்பி வரும், உச்சி குளிர்வது மந்தமாகும், சுழற்சி தளரும். இரண்டும் சேர்ந்து மேகத்தை மெலிய வைக்கின்றன. கேள்வி கேட்டவரின் இரண்டாவது படி இங்கேதான் தலைகீழாகிறது: கடல் சூடாகி ஆவி கூடியதாலேயே மேகம் குறைகிறது.

2019இல் டாபியோ ஷ்னைடரும் சகாக்களும் ஒரு சிறு கடற்பரப்பின் மேகத்தை மட்டும் மிக நுணுக்கமாகக் கணினியில் ஓடவிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 1,200 என்ற அளவைத் தாண்டியதும் மேகத் தளமே உடைந்து சிதறியது. அதனால் மட்டும் பூமி முழுவதும் 8 டிகிரி கூடுதலாகச் சூடாகலாம் என்று கணக்கு வந்தது. இப்போதைய அளவு 420ஐத் தாண்டியிருக்கிறது. இந்த 8 டிகிரியை எடுத்துக்கொண்டு பீதி கிளப்புகிறவர்களோடு நான் சேரவில்லை. ஒரு துண்டுக் கடலில் வந்த முடிவை உருண்டை முழுவதுக்கும் நீட்டியது அது. ஆனால் மேகம் படிப்படியாக மட்டும்தான் மாறும் என்று நினைத்துக்கொண்டிருப்பதற்கு எதிரான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 14

மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்: 'வணிகக் காற்று வீசும் பகுதிகளின் சின்னத் திரள் மேகங்களும் இப்படியே காய்ந்து போகும்.' அப்படித்தான் காலநிலையைக் கணினியில் கணக்கிடும் சில மாதிரிகள் சொல்லிக்கொண்டிருந்தன. 2020இல் பார்படோஸுக்கு அருகே விமானங்கள், கப்பல்கள் எல்லாம் கொண்டுபோய் அளந்தார்கள். காய்ந்து போவது மாதிரிகள் பயமுறுத்திய அளவுக்கு இல்லை என்று 2022இல் முடிவு வெளியானது. நல்ல செய்தி. படைத்திரள் வேறு, இது வேறு.

மார்ச் 15

தாழ்மேகத்திலேயே நின்றுவிட்டோம். உயர்மேகம் என்ன செய்யும்?

மேலே ஏறும். வெப்பமண்டலத்தின் இடிமழை மேகங்கள் பக்கவாட்டில் பட்டறைக்கல் போல விரியும் உச்சி, காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராவியால் மேற்கொண்டு கதிர் வீச முடியாமல் போகுமோ அந்த வெப்பநிலையில்தான் நிற்கிறது. இது 2002இல் டென்னிஸ் ஹார்ட்மனும் கிறிஸ்டின் லார்சனும் முன்வைத்த கருத்து. பூமி சூடானால் அந்த வெப்பநிலை இன்னும் உயரத்தில் கிடைக்கும், மேகமும் அங்கே போய் நிற்கும். விளைவு என்ன? தரை சூடாகி அதிகமாக வெப்பம் அனுப்புகிறது, ஆனால் மேகத்தின் உச்சி பழைய குளிரிலேயே இருந்துகொண்டு பழைய அளவையே விண்வெளிக்கு விடுகிறது. பிடிபடும் வெப்பம் கூடுகிறது. மேகத்தின் அளவு ஒரு துளி கூட மாறவில்லை, இடம் மட்டும் மாறியது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. ரிச்சர்ட் லிண்ட்சன் 2001இல், கடல் சூடானால் இந்த உயர்மேகப் பரப்பு சுருங்கும், வெப்பம் தப்பிக்க வழி திறக்கும் என்றார். இந்த இழையின் கேள்விக்குக் கடைசியாகக் கிடைத்த உருப்படியான அறிவியல் வடிவம் அதுதான், மேகம் கூடுவதற்குப் பதில் குறைவதால் குளிர்ச்சி என்று மாறி வந்தாலும். விரியும் பரப்பு ஓரளவு சுருங்கலாம் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. அவர் எதிர்பார்த்த அளவுக்கு அது குளிர்விக்கவில்லை.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 2021இல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை கொடுத்த எண்: பூமி ஒரு டிகிரி சூடானால் மேகங்களின் மாற்றம் மட்டும் இன்னும் 0.42 வாட் சூட்டைச் சேர்க்கும். வரம்பு மைனஸ் 0.10 முதல் 0.94 வரை. மைனஸ் பக்கம் ஒரு கீற்று இருக்கிறது, அதில் தொங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் தொங்கலாம்.

மார்ச் 16

'மாதிரிகளுக்கே மேகம் பிடிபடவில்லையே' என்ற வரியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், வந்துவிட்டது.

பிடிபடுவது கஷ்டம்தான். உலகம் முழுவதையும் கணக்கிடும் மாதிரியில் ஒரு கட்டம் வழக்கமாகப் பத்துக் கணக்கிலோ நூறு கிலோமீட்டர் அளவிலோ இருக்கும். நான் ஜன்னலில் பார்த்த குமிழ்கள் அதற்குள் புள்ளியாகக் கூடத் தெரியாது. 1979இல் அமெரிக்க விஞ்ஞானிகளின் சார்னி குழு, கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி 1.5 முதல் 4.5 டிகிரி சூடாகும் என்று சொன்னது. அந்த அகலம் நாற்பது வருடம் பெரிதாகக் குறையாமல் இருந்ததற்கு மேகம்தான் முதல் குற்றவாளி. ஆறாவது அறிக்கையில்தான் 2.5 முதல் 4 என்று சுருங்கியது.

தென்பெருங்கடல் நல்ல உதாரணம். அங்கே மேகங்களில் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழேயும் உறையாமல் துளியாகவே இருக்கிறது. சுத்தமான துளி மைனஸ் 38 வரை கூடத் தாக்குப்பிடிக்கும். பழைய மாதிரிகள் அதை அவசரப்பட்டு உறைய வைத்துவிட்டன. பனித்துகள் பெரிது, எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் விழுந்துவிடும். ஆகவே கணினியின் மேகம் நிஜத்தைவிட மங்கலாக இருந்தது. நிஜத்தில் ஏற்கெனவே துளிகளாக இருப்பதால், சூடானால் பனி துளியாக மாறி மேகம் பளிச்சென்று ஆகும் என்ற குளிர்விக்கும் விளைவுக்கு மிச்சம் இருந்த இடமும் குறைகிறது. அதாவது இந்தப் பிழையைச் சரிசெய்தபோது கணக்கு சூட்டின் பக்கம்தான் போனது. மாதிரி தப்பாக இருந்தால் அது நமக்குச் சாதகமாகத்தான் தப்பாக இருக்கும் என்று யார் சொன்னது?

மார்ச் 18

அண்டக்கதிர், அதாவது விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள், மேகத்தை ஆட்டுகிறது என்ற வாதம். சரி, அதையும் பார்த்துவிடலாம். அண்டக்கதிர் காற்றில் மின்துகளை உண்டாக்குகிறது, அதைச் சுற்றி மேகத்துளிக்கான விதை வளரலாம், சூரியனின் ஆட்டத்தால் அந்தக் கதிர் கூடிக் குறையும் என்று 1990களில் ஹென்ரிக் ஸ்வென்ஸ்மார்க் சொன்னார். ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இதற்கென்றே ஓர் அறை கட்டிச் சோதித்தார்கள். விதை பிறப்பது உண்மை. அது மேகத்துளியாகும் அளவுக்கு வளர்ந்து காலநிலையை நகர்த்தும் பலம் இல்லை. பல பத்தாண்டுகளாக அண்டக்கதிரில் ஒரே திசையில் போகும் மாற்றமும் இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு ஆர்வம் இல்லை.

மார்ச் 20

விதை என்றதும் உண்மையிலேயே பெரிய விஷயம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தூசு, உப்பு, கந்தகத் துகள் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நீராவி துளியாகிறது. துகள் அதிகமாக இருந்தால் அதே தண்ணீர் அதிகத் துளிகளாகப் பிரியும். ஒவ்வொரு துளியின் ஆரமும் பாதியானால் எண்ணிக்கை எட்டு மடங்கு, மொத்தப் பரப்பு இரண்டு மடங்கு. பரப்பு கூடினால் வெயில் அதிகமாகச் சிதறும். ஷான் டூமி 1970களில் இதைச் சொன்னார்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கடலின் செயற்கைக்கோள் படங்களில் கப்பல் தடங்களைத் தேடுங்கள். தாழ்மேகப் பரப்பின் மேல் யாரோ சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல இருக்கும். கீழே போகும் கப்பலின் புகை, மேகத்தைக் கோடு கோடாக வெளுக்க வைக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டது. மூச்சு விடுகிறவர்களுக்கு நல்லது. தடங்கள் வெகுவாகக் குறைந்தன. கூடவே, இதுவரை புகை மறைத்து வைத்திருந்த சூட்டில் ஒரு சிறு பங்கு வெளியே வந்தது.

2023இல் பூமி திருப்பி அனுப்பிய ஒளியின் பங்கு செயற்கைக்கோள் பதிவுகளிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. தாழ்மேகம் குறைந்ததுதான் அதில் பெரும்பங்கு என்று ஹெல்கே கோஸ்லிங் குழு 2024 இறுதியில் காட்டியது. கப்பல் எரிபொருளா, இயல்பான ஏற்ற இறக்கமா, அல்லது 13ஆம் தேதி எழுதிய அந்த மெலிதல் இப்போதே தொடங்கிவிட்டதா என்பதில்தான் இப்போது சண்டை. மூன்றாவதாக இருந்தால் மோசம். 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள் ரேடாரையும் லேசரையும் ஒரே இடத்திலிருந்து மேகத்தின்மேல் செலுத்துகிறது, துகளையும் துளியையும் வெளியேறும் கதிரையும் சேர்த்தே அளக்கிறது. இந்தச் சண்டைக்கு அதுதான் பொருத்தமான கருவி.

மார்ச் 21

'அப்போது நாமே உப்புநீரைத் தூவி மேகத்தை வெளுக்க வைக்கலாமே?' 1990இல் ஜான் லேத்தம் இதையே முன்மொழிந்தார். இயற்பியல் சரி. ஆனால் துகள்கள் சில நாட்களில் விழுந்துவிடும், நிறுத்தாமல் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். தூவுவதை நிறுத்தினால் மறைந்திருந்த சூடு வேகமாகத் திரும்பும். ஓரிடத்தில் மேகத்தை மாற்றினால் வேறிடத்தில் மழை மாறும், அதற்கு யார் பதில் சொல்வது? எனக்குப் பிடிக்கவில்லை.

விமானம் விடும் வெள்ளைக் கோட்டைப் பற்றியும் கேட்டார்கள். அது செயற்கைக் கீற்று மேகம். 6ஆம் தேதிக் குறிப்பைப் படித்தால் பதில் கிடைத்துவிடும். இரவில் போகும் விமானத்தின் கோடு சூடாக்க மட்டுமே செய்யும்.

மார்ச் 23

'மேகத்தை விட்டுவிடுங்கள். பூமிக்கு வேறு பிரேக்கே கிடையாதா?' என்று புதிதாக வந்த ஒருவர் கேட்கிறார்.

பெரிய பிரேக் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. சூடான பொருள் அதிகமாகக் கதிர் வீசும். பூமி ஒரு டிகிரி சூடானால் விண்வெளிக்கு அனுப்புவது சுமார் 3.2 வாட் கூடுகிறது. இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், இரட்டிப்பால் வரும் 3.9 வாட்டைச் சமாளிக்க 1.2 டிகிரி ஏறினால் போதும்.

ஆனால் பிரேக்கைப் பிடித்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள். நீராவி கூடுவதும், உயரத்தோடு வெப்பநிலை குறையும் விதம் மாறுவதும் சேர்ந்து ஒரு டிகிரிக்கு 1.3 வாட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கின்றன. பனி உருகித் தரை கறுப்பது 0.35. மேகம் 0.42. மிச்சம் இருக்கும் பிரேக், தோராயமாக்காத எண்களை வைத்து ஐபிசிசி அறிக்கை போட்ட கணக்கில், 1.16 வாட்தான். 3.9ஐ 1.16ஆல் வகுத்தால் 3.4 டிகிரி. அறிக்கை மற்ற சான்றுகளையும் சேர்த்து 3 என்று எடுத்துக்கொண்டது, அது இருக்கட்டும். இதே கணக்கில் மேகத்தின் 0.42ஐ மட்டும் எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்: 2.5 டிகிரி. மேகங்கள் கூடவும் குறையவும் ஏறவும் இறங்கவும் செய்யாமல் இன்றைக்கு இருப்பது போலவே இருந்தால் இவ்வளவுதான். மாறுவதால் கிட்டத்தட்ட இன்னொரு டிகிரி.